தம்பியின் காபி

தம்பிக்குத் தினமும் காலையில் திக்கான காபி கிடைத்தது. அவனைவிட நான்கு வயது மூத்த அக்காவுக்கோ வெறும் பால்தான். பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

"எனக்கும் காபி குடும்மா."

"சின்னப் பிள்ளைங்க காபி குடிக்கக் கூடாது."

"அப்ப அவன் மட்டும் கிழவனா?"

அம்மா கப்பை நீட்டி, "ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது, ராசா" என்று தம்பியைக் கொஞ்சினாள். எல்லாம் இவனுக்குத்தான் என்று அக்கா மனதுக்குள் பொருமினாள்.

மறுநாள் அம்மா துணி காயப்போட மாடிக்குப் போனதும், அக்கா தம்பியின் காபியை மடமடவென்று குடித்துவிட்டுத் தன் பாலை அவனிடம் நீட்டினாள். அவன் மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டான்.

பள்ளிக்குக் கிளம்பும்போது தம்பியின் கைகால்கள் தாமாகவே வெட்டி வெட்டி இழுத்தன. நிற்க முடியாமல் விழுந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "காலையில மருந்து குடிச்சானா?"

"குடிச்சான் டாக்டர். கப் காலியா இருந்துச்சு" என்றாள் அம்மா.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "காபியா மருந்து?"

"ஆமாம்மா. இவனுக்கு அபூர்வமான நரம்பு வியாதி. எந்த மாத்திரைக்கும் அடங்கல, காபிக்குத்தான் அடங்குச்சு. நீ பயப்படுவேன்னு அம்மா சொல்லல போல."

"அதை நான் குடிச்சிட்டேன்" என்று அவள் விம்மினாள்.

கேன்டீனிலிருந்து காபி வந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் கைகள் அடங்கின. அக்கா அவற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டுட்டேன்டா."

தம்பி வாயிலிருந்த கசப்பை முகம் சுளித்து விழுங்கினான்.

"நானும்தான் அக்கா. தினமும் உனக்கு மட்டும் பால்."