வேலிக்கு அந்தப் பக்கம்

பக்கத்து வீட்டு டக்கெட் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றியதும், மாடி ஜன்னலில் நின்றிருந்த ஹெஸ்டர் பைனாகுலரைக் கண்ணோடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"ஐம்பத்தெட்டு வயசுல இதெல்லாம் தேவையா?" தேநீர்க் கோப்பையோடு பின்னால் வந்து நின்ற கணவர் லயனல் கேட்டார்.

"உஷ்! இப்போ குனியப் போறார்."

"குனிஞ்சா?"

"அவர் முதுகு மறைக்காது. பின்னாடி பூத்திருக்கிற ரோஜா மஞ்சளா வெள்ளையான்னு தெரிஞ்சிடும். நான் இன்னும் அரை மணி நேரத்துல பத்திரிகைக்குப் பத்தி அனுப்பணும், தள்ளி நில்லு."

லண்டன் வேலையை உதறிவிட்டு அவர்கள் இந்த டோர்செட் கிராமத்துக்குக் குடிவந்து ஆறு வருடம் ஆகிறது. தோட்டம் போட வேண்டும், அதைப் பற்றி எழுத வேண்டும் என்பது ஹெஸ்டரின் வெகுநாள் ஆசை. எழுத்து வந்துவிட்டது. தோட்டம்தான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. அவள் நட்டதை நத்தை தின்றது, நத்தை விட்டுவைத்ததை முயல் தின்றது, மிச்ச இடத்தில் காஞ்சொறி மண்டியது.

ஆனால் உள்ளூர் வாரப் பத்திரிகையில் 'என் வேலிக்குள்ளே' என்ற அவளுடைய பத்தி சக்கைப்போடு போட்டது. டக்கெட்டின் தோட்டத்தை மாடியிலிருந்து பார்த்து, கூடவே தன் ஆசைக்கு ஒன்றிரண்டு செடிகளையும் சேர்த்து, எல்லாம் தன்னுடையதே போல எழுதிவிடுவாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இரண்டு ஆள் உயரத்துக்குப் புதர் வேலி. டக்கெட்டின் வீட்டுக்கு மாடி கிடையாது. அந்த மனிதர் வெள்ளிக்கிழமைதோறும் பத்திரிகையும் கையுமாகத் தோட்டக் கொட்டகைக்குள் போவதை அவள் பார்த்திருக்கிறாள். விதைத் தொட்டிக்கு அடியில் விரிக்கத்தான் என்று நிம்மதியாக இருந்தாள்.

ஓர் அக்டோபரில் டக்கெட் ஒரு வாரம் மகள் வீட்டுக்குப் போய்விட, எழுத ஒன்றுமே அகப்படவில்லை. பேரி மரத்தடியில் கறுப்பு டூலிப் நட்டிருப்பதாக ஹெஸ்டர் அளந்துவிட்டாள். வசந்தம் வந்தது. டக்கெட்டின் பேரி மரத்தடியில் கறுகறுவென்று டூலிப் பூத்து நின்றது.

"உனக்கு வாக்குப் பலிக்குது. அடுத்த வாரம் லாட்டரியப் பத்தி எழுது," என்றார் லயனல்.

இப்போது அந்த வாக்குக்குத்தான் சோதனை வந்திருந்தது. பத்திரிகை ஆசிரியர் அவளைக் கேட்காமலே, வரும் சனிக்கிழமை ஹெஸ்டரின் தோட்டத்தில் தேநீர் விருந்து என்று வாசகர்களுக்கு அறிவித்துவிட்டார். ஒரு பஸ் நிறைய ஆட்கள் வருகிறார்கள்.

"காஞ்சொறிய நவீன ரசனைன்னு சொல்லிப் பாரேன்," என்றார் லயனல்.

ஹெஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. "இந்த வயசுலதான் நான் ஆசைப்பட்ட மாதிரி ஒருத்தியா ஆனேன், லயனல். அது போயிடும்."

லயனல் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்போ டக்கெட்கிட்ட போய் உண்மையச் சொல்லு. ஒருநாளைக்குத் தோட்டத்தக் கேளு."

"ஆறு வருஷமா அவர்கிட்ட மழையப் பத்தித்தான் பேசியிருக்கேன். திடீர்னு போய் தோட்டத்தக் குடுங்கன்னா?"

ஆனாலும் வேறு வழியில்லை. ஒரு எலுமிச்சைக் கேக்கை எடுத்துக்கொண்டு போய் டக்கெட்டின் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவர் அவளைக் கண்டதும் காது வரை சிவந்தார்.

"இன்னைக்கு மழை வராது போலிருக்கு," என்றார்.

"வராது," என்றாள் ஹெஸ்டர். பிறகு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள். பைனாகுலர், பத்தி, பஸ், காஞ்சொறி, ஒன்று விடவில்லை. "உங்க தோட்டத்தத் திருடித்தான் இத்தனை நாள் பேர் வாங்கினேன், மிஸ்டர் டக்கெட். திட்டணும்னா திட்டுங்க."

டக்கெட் திட்டவில்லை. வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்து, அந்த உயர்ந்த வேலியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ பறிபோனது போல முகம் தொங்கிவிட்டது. ஹெஸ்டருக்கு அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

"அப்போ வேலிக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையா?"

"என் வீட்டுக்காரர் போட்ட துணிக்கொடி இருக்கு."

டக்கெட்டின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் பதறிக் குனிந்தாள். மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமை தாராளமா எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. உங்க தோட்டம்னே சொல்லுங்க. அதுல ஒரு பொய்யும் இல்ல."

"உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு!" என்றாள் ஹெஸ்டர்.

டக்கெட் எழுந்து, கேக்கை வாங்கிக்கொண்டார்.

"பெரிய மனசெல்லாம் இல்லம்மா. நீங்க வாராவாரம் எழுதினதப் படிச்சுத்தானே நான் நட்டேன்!"