இரண்டு முள்ளும் ஒரே இடத்தில்

“ரெண்டு முள்ளும் ஒரே இடத்துல நிக்கணும் தம்பி. நின்னா என் பொண்ணைக் கேட்கலாம். நிக்கலைன்னா காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம்.”

சொல்லிவிட்டு ஐசக், நாற்காலியை பைக்குக்குப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார்.

கிழக்குத் தாம்பரத்தில், அந்த வீட்டுப் போர்டிகோவில் அவருடைய ரெட்டை சிலிண்டர் பைக் ஜுரம் கண்டது போல நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு சிலிண்டருக்கும் காற்றை விடும் த்ராட்டில் பாடிகள் ஆளுக்கொரு அளவில் திறந்திருந்தன. அதைக் காட்டத்தான் ஹேண்டில்பாரில் வேக்குவம் கேஜ் தொங்கியது. இரண்டு ரப்பர் குழாய், இரண்டு டயல். ஒன்றில் முள் மேலே, மற்றதில் கீழே. நின்ற இடத்திலேயே ஓடும் இன்ஜின் சூடாகாமலிருக்க, எதிரே ஒரு டேபிள் ஃபேன் சுழன்றது.

தாவீதுக்கு அந்த ஃபேன் மட்டும்தான் புரிந்தது.

பேங்க்கில் வேலை பார்ப்பவன். போன முறை அபிகாயிலைக் கேட்டு வந்தபோது, பெட்ரோல் தீர்ந்துபோனது தெரியாமல் பெருங்களத்தூரிலிருந்து ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான். “இவரை நம்பி எப்படிம்மா அனுப்புறது?” என்று ஐசக் அன்றே மறுத்துவிட்டார். அன்றிலிருந்து அபிகாயில் அப்பாவோடு பேசுவதில்லை. போர்டிகோ பக்கம் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

இன்று அவரே கூப்பிட்டனுப்பியிருக்கிறார். இதை விட்டால் இன்னொரு வாய்ப்பு கிடைக்காது.

“இந்த டூல்ஸெல்லாம் உங்களோடதா அங்கிள்?”

“வீட்டோடது. வேலையைப் பாருங்க.”

கண்ணில் பட்ட ஒரு ஸ்க்ரூவை தாவீது திருகினான். பைக் உறுமியது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

“வண்டி எனக்கு உயிரோட வேணும் தம்பி” என்றது செய்தித்தாள்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் அவன் பார்த்தான். ஐசக்கின் முதுகுக்குப் பின்னால், சமையலறை ஜன்னலில் அபிகாயில். கையில் கரண்டி. தலையில் அடித்துக்கொண்டாள். ‘முதலில் அதைப் பழையபடி வை’ என்று கரண்டியை இடப்பக்கம் திருகிக் காட்டினாள். பிறகு இரண்டு விரலை நீட்டி, நடுவில் கரண்டிக் காம்பால் தொட்டாள்.

தாவீது குனிந்தான். இரண்டு த்ராட்டில் பாடிக்கும் நடுவில், ஒளிந்துகொண்டிருந்தது ஒரு குட்டி ஸ்க்ரூ.

கரண்டி வலப்பக்கம் சாய்ந்தது. ஸ்க்ரூவும் சாய்ந்தது. கீழே இருந்த முள் மெல்ல ஏறியது. உற்சாகத்தில் அவன் இன்னும் கொஞ்சம் திருக, முள் எகிறியது. உள்ளே ஒரு டம்ளர் ணங்கென்று விழுந்தது.

“என்ன சத்தம்?” என்றார் ஐசக், திரும்பாமல்.

“பூனைங்க” என்றாள் அவர் மனைவி மெட்டில்டா உள்ளேயிருந்து.

“நாம எப்போ பூனை வளர்த்தோம்?”

கரண்டி இம்மி இம்மியாக இடப்பக்கம் நகர்ந்தது. அவன் கையும் நகர்ந்தது. அபிகாயில் சட்டென்று உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். நிறுத்தினான்.

இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நின்றன. பைக்கின் நடுக்கம் அடங்கி, சீராக முனகியது.

ஐசக் எழுந்தார். காபி டம்ளரை சீட் மேல் வைத்தார். காபி அலுங்கவில்லை. குனிந்து, அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த ஞாயிறு சர்ச் முடிஞ்சதும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வாங்க, மாப்பிள்ளை.”

தாவீது தரையில் கால் பாவாமல் கிளம்பிப் போனான். மெட்டில்டாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

“ஏங்க, திட்டாதீங்க. அந்தப் பையனுக்கு ஒரு ஸ்க்ரூவும் தெரியாது. எல்லாம் இவ ஜன்னல்ல நின்னு கரண்டியை ஆட்டினதுதான். உங்களை ஏமாத்திட்டோம்.”

ஐசக் பைக்கின் பக்கவாட்டுக் கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். அதில் சமையலறை ஜன்னல் பளிச்சென்று தெரிந்தது.

“அந்தப் பையனை எனக்கு எப்பவோ பிடிச்சுப்போச்சு மெட்டில்டா. ஆனா நான் வேணாம்னு சொன்ன அன்னிக்கே உன் பொண்ணு டூல்ஸைக் கீழ வச்சுட்டாளே, வேற எப்படி என் வண்டியை அவகிட்ட சரிபண்ணி வாங்குறது?”