கீழ் வீட்டு ஒட்டடைக் கம்பு

தொம்! தொம்! தொம்!

கீழேயிருந்து வந்த இடியில் மாடியின் மரப்பலகைத் தரை அதிர்ந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அமீர் ஹம்சா துள்ளி எழுந்தான். காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக்கூடக் கழற்றவில்லை. கோபத்தோடு ஸ்விட்சை அணைத்துவிட்டு, கீழ் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி தரையை ஓர் உதை விட்டான்.

கூட்டாளி இஸ்மத் டீயோடு படியேறி வந்தான்.

"மறுபடியும் ஒட்டடைக் கம்பாடா?"

"ஆமாடா! இன்னிக்கு இது ரெண்டாவது தடவை. கால் மணி நேரம் அணைச்சு வெச்சாத்தான் அந்தம்மாவுக்கு மனசு ஆறும்!"

எல்லாம் போன மாதம் சென்னையிலிருந்து வந்த கிராஃபிக்ஸ் கார்டால் வந்த வினை.

பம்பு, மோட்டார்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து சுற்றவிடுவது இவர்கள் தொழில். தொண்ணூற்றொன்பதில் கோயமுத்தூருக்கே அது புதுசு. கார்டை மாட்டிய அன்று, திரையில் பம்பு நிஜம் போலவே சுற்றியதைப் பார்த்து இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஆனால் அந்தக் கார்டின் மேல் ஒரு குட்டி ஃபேன். தீப்பெட்டி அளவுதான், சத்தமோ மாவு மில். ஹெட்போனில் பாட்டு வைக்காமல் பக்கத்தில் உட்கார முடியாது.

மறுநாளே கீழ் வீட்டு வரலட்சுமி மேலே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரி நர்ஸ். ராத்திரி டூட்டி, பகலில் தூக்கம்.

"ஏனுங்க தம்பி, என்ன சத்தமுங்க அது?"

"கார்டைக் குளுத்தற ஃபேனுங்க அக்கா. அது நின்னா அஞ்சு நிமிஷத்துல கார்டு எரிஞ்சு போயிரும். எங்க பொழப்பே அந்தக் கார்டுதானுங்க. சத்தம் இருக்கத்தான் செய்யும்" என்று வெடுக்கென்று சொன்னான் அமீர்.

அவள் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். அந்த வாரமே ஒட்டடைக் கம்பு இடி ஆரம்பித்துவிட்டது.

"நாளைக்கு லட்சுமணசாமி ஐயா வர்றாருடா" என்றான் இஸ்மத் கவலையாக. பெருந்துறையில் பம்பு கம்பெனி வைத்திருப்பவர். கண்காட்சிக்காக அவருடைய நாலு பம்புகளை வரையும் ஆர்டர் கிடைத்தால் தொழில் நிற்கும். இல்லாவிட்டால் இஸ்மத் துபாய்க்கு, அமீர் மாமனாரின் இரும்புக் கடைக்கு.

"நாளைக்கு அந்தம்மா கூரையே இடிஞ்சு விழற மாதிரி தட்டட்டும். அணைக்கவே மாட்டேன்!" என்றான் அமீர்.

மறுநாள் லட்சுமணசாமி திரையைப் பார்த்து நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"அட அட அட! நம்ம பம்புங்களா இது? உள்ளே தண்ணி சுத்தறதுகூடத் தெரியுதுங்களே!"

அமீருக்குத் தலைகால் புரியவில்லை. ஃபேன் இரைச்சலை மீறித் தொண்டை கிழிய விளக்கினான். "இப்பப் பாருங்க ஐயா! பம்பைக் குறுக்கால வெட்டிக் காட்டறேன்!"

தொம்! தொம்! தொம்!

"ஆருங்க அது?"

"ஒண்ணுமில்லீங்க! கீழ் வீடு! நீங்க இதைப் பாருங்க!"

தொம்! தொம்! தொம்! தொம்!

அமீர் இன்னும் சத்தமாகக் கத்தினான். இடி நின்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் படிக்கட்டு தடதடத்தது. வாசலில் வரலட்சுமி. கலைந்த தலை, சிவந்த கண், கையில் ஒட்டடைக் கம்பு.

"அக்கா, உங்களுக்கு இரக்கமே இல்லீங்களா? ஒரு அரை மணி நேரம் பொறுக்க மாட்டீங்களா?"

"தம்பி, மொதல்ல அதை அணைங்க!"

"மாட்டேனுங்க!"

"ஐயோ, ஃபேன் நின்னு போச்சுங்க தம்பி!"

அமீர் வாயை மூடினான். அப்போதுதான் தெரிந்தது, அறையில் துளி சத்தமில்லை.

"அதானே பார்த்தேன்!" என்றார் லட்சுமணசாமி. "சத்தம் நின்ன பொறவும் தம்பி எதுக்குக் கத்தறாருன்னு."

கார்டு சூடேறி, திரையில் பம்பு முழுக்கப் பச்சைப் புள்ளிகள். இஸ்மத் பாய்ந்து அணைத்தான். கார்டைத் தொட்ட விரலை 'ஸ்ஸ்' என்று உதறினான்.

லட்சுமணசாமி குனிந்து பார்த்தார். "எண்ணெய் வத்திப் போயிருச்சுங்க. அதான் சூடானாத் திக்கித் திக்கி நிக்குது, ஆறுனா ஓடுது. பம்புக்கும் இதே சீக்குத்தான்."

வரலட்சுமி ஓடிப்போய்த் தையல் மிஷின் எண்ணெய் கொண்டுவந்தாள். ஒரே சொட்டு. கால் மணி நேரத்தில் ஃபேன் மறுபடியும் அலறியது, பம்பு சுழன்றது.

"நாலு பம்பையும் வரைஞ்சுருங்க தம்பி!" என்றார் லட்சுமணசாமி. இஸ்மத் 'யே!' என்று கத்தியேவிட்டான்.

அமீர் மட்டும் வரலட்சுமியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, அப்ப இத்தனை நாளும் நீங்க தட்டுனது...?"

"ஃபேன் நின்னப்பல்லாம் தட்டுனனுங்க. நீங்களும் ஒடனே அணைச்சுப் போட்டீங்க. புரிஞ்சுதான் அணைக்கறீங்கன்னு நெனச்சேன்."

அமீருக்கு வெட்கத்தில் முகம் சுட்டது. தரையை உதைத்த காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"சத்தம் நின்னா உங்களுக்கு நல்லதுதானுங்களே அக்கா? நிம்மதியாத் தூங்கியிருக்கலாமே?"

"எங்கீங்க தம்பி தூங்கறது? ராத்திரி பூராவும் ஐ.சி.யூ. டூட்டி. அங்க மெஷின் சத்தம் போடற வரைக்கும் பயமில்லீங்க. நின்னாத்தான் எந்திரிச்சு ஓடோணும்."

ஒரு நிமிஷம் காதைத் தீட்டி ஃபேன் இரைச்சலைக் கேட்டாள். பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள்.

"ஓடுது. இனி நான் போய்த் தூங்கறேனுங்க."