எந்தக் கன்னம்

பழைய சதுரங்கப் படங்களை விலைக்கு வாங்கும் சாகுல் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். செண்பகம் மேசையிலிருந்த படத்தை எட்டிப் பார்த்தாள். அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே காலமான அப்பா, யாரோடோ ஆடுகிற படம் அது. வீட்டில் இருந்த ஒரே படமும் அதுதான்.

"அக்கா, ஆடுறவங்களோட வலது கை மூலையில வெள்ளைக் கட்டம்தான் வரணும். இதுல கறுப்பு இருக்கு. ஒண்ணு, ஆட்டம் தெரியாதவங்க ஸ்டூடியோவுல சும்மா போஸ் கொடுத்திருக்கணும். இல்லேன்னா நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கணும். அப்படின்னா நிஜ ஆட்டம்."

"எப்படிக் கண்டுபிடிக்கிறது தம்பி?"

"ரெண்டு பேரும் சால்வை போர்த்தியிருக்காங்க, சட்டைப் பை எந்தப் பக்கம்னு பார்த்தும் சொல்ல முடியல. படத்துல அப்பாவோட மச்சம் இடது கன்னத்துல இருக்கு. நெஜத்துல வலதுன்னா படம் திரும்பினதுதான். அப்பாவுக்கு நெஜமா எந்தக் கன்னம்?"

அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்! பார்வை போன அம்மாவிடம் திரும்பினாள். அப்பாவைப் பற்றி, சூதாடத்தான் போகிறான் என்று ஊரே சிரித்தபோதும், "அவரு சதுரங்கப் போட்டிக்குத்தான் போனாரு" என்று ஆயுசு முழுக்கச் சொன்னவள் அம்மா.

அம்மா இரண்டு கைகளையும் நீட்டி, எதிரே அவர் உட்கார்ந்திருப்பதுபோல, காற்றில் ஒரு முகத்தை ஏந்திக்கொண்டாள். செண்பகம் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். இடது கட்டைவிரல் மட்டும், அவருடைய வலது கன்னம் இருக்கும் இடத்தில், மெல்ல அசையத் தொடங்கியது.