தொண்ணூற்றாறு மார்க்

"பதினோரு மார்க்," என்று சிரித்துக்கொண்டே அறையிலிருந்து வெளியே வந்தான் கோர்ட். "ஒரு வட்டம்கூட ஒழுங்கா வரலைடா."

உருக்காலையில் அவனோடு வேலை பார்த்து, அவனைப் போலவே கை அடிபட்டவன் வெண்டல். 'டிராயிங் வேலைக்கான தேர்வு' என்று இருவருக்கும் கடிதம் வந்திருந்தது. இந்த முட்டாளுக்கு எவன் வேலை கொடுப்பான் என்று நினைத்தபடி எழுந்தான் வெண்டல்.

"நிதானமாப் போடு. யாரும் உனக்கு மெடல் குத்தப்போறதில்லை," என்றான் கோர்ட். தேர்வு நடத்தும் காலீன் கதவருகே நின்றதால் அதற்கு மேல் பேசவில்லை.

வலது கையில் மிஞ்சிய இரண்டு விரலால் மவுஸைப் பிடித்தான் வெண்டல். கணினியில் வரைபடம் போடும் ஆட்டோகேட் மென்பொருளை ஆறு மாதம் விடாமல் பழகியவன். ஒரு மணி நேரத்து வரைபடத்தை நாற்பது நிமிடத்தில் முடித்தான்.

காலீன் திரையைப் பார்த்தாள். "தொண்ணூற்றாறு. இங்க யாரும் இவ்வளவு வாங்கினதில்லை, வெண்டல்."

"அப்ப வேலைக்கு எப்ப வரணும், மேடம்?"

"வேலையா? நாங்க டெஸ்ட் மட்டும்தான் வைக்கிறோம். உங்களால இந்த வேலை செஞ்சு சம்பாதிக்க முடியுமான்னு விபத்து இழப்பீட்டு ஆபீஸ்ல கேட்டிருக்காங்க. முடியும்னு இப்ப அனுப்பிட்டேன். அடுத்த மாசத்திலேர்ந்து உங்களுக்கு மாசாமாசம் வர்ற இழப்பீட்டுப் பணம் நின்னுடும்."

"வேலை யார் தருவா?"

"அதை அவங்க கேக்கல."

"ஃபெயிலாகியிருந்தா?"

"பணம் வந்துட்டே இருந்திருக்கும்."

ஜன்னலுக்கு வெளியே கோர்ட் விசிலடித்தபடி கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை எழுதட்டுமா மேடம்? இந்தத் தடவை ஒழுங்கா வராது," என்றான் வெண்டல்.

"மறு டெஸ்ட் ஃபெயிலானவங்களுக்கு மட்டும்தான்," என்றாள் காலீன்.