வராந்தாவில் எட்டுப் பேர்

"எட்டுப் பேர் நிக்கிறாங்களே, டீச்சர்?"

தலைமையாசிரியை தேவப்பிரியம் வராந்தா பக்கம் திரும்பவே இல்லை. "ஏழுதான் சார். பிரேயர் வேண்டாம்னு ஏழு வீட்டிலேர்ந்துதான் எழுதிக் கொடுத்திருக்காங்க."

பள்ளி ஆய்வாளர் ரகுபதி மறுபடி எண்ணினார். ஏழுதான். சுவரைப் பார்த்தபடி வரிசையாக நின்றிருந்தார்கள். உள்ளே கூடத்தில் நூற்றைம்பது பிள்ளைகள் கடவுள் வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். ராயபுரம் கடல் பக்கமிருந்து மேகம் ஏறி வந்திருந்தது. காலை பத்து மணிக்கே விளக்கு ஏற்ற வேண்டும் போல இருட்டு.

"எனக்கும் அப்படித்தான் சார் ஆகும்," என்றார் தேவப்பிரியம் மெதுவாக. "முதல் தடவை எட்டு. திரும்பப் பார்த்தா ஏழு. இங்க வந்து மூணு வருஷமாச்சு. இப்பல்லாம் நான் எண்றதே இல்லை."

ரகுபதி கையிலிருந்த மனுவைப் பிரித்தார். நாற்பது பெற்றோர் கையெழுத்தும் கைநாட்டும் வைத்திருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் கட்டாயம் பிரேயரில் நிற்க வேண்டும், இனிமேல் யாருக்கும் விலக்குக் கூடாது என்பது கோரிக்கை. அதை விசாரித்து முடிவு எழுதத்தான் அவர் வந்திருந்தார்.

"முதல் கைநாட்டு கன்னியம்மாவோடது சார். மீன்காரம்மா. 'சாமி பாட்டுப் பாடாததுங்கள அந்தப் பொண்ணு இட்டுகினு பூடும்'னு வாசல்ல நின்னு கத்தறாங்க."

"எந்தப் பொண்ணு?"

"நாற்பத்தாறாம் வருஷம் நடந்தது சார். இதே மாதிரி ஐப்பசி மழை. பிரேயர் நேரத்துல வராந்தாக் கூரை இடிஞ்சு இறங்கிடுச்சு. அன்னிக்கு வெளியே நின்னது ஒரே ஒரு பொண்ணு. அஞ்சாங்கிளாஸ். உள்ளே இருந்த ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. சாமி தண்டிச்சிடுச்சுங்கிறாங்க ஜனங்க."

"சாமியா?" ரகுபதியின் குரல் சட்டென்று உயர்ந்தது. "உத்தரம் உளுத்துப் போயிருந்தது. ரெண்டு வருஷமா ஒருத்தரும் மாத்தலை."

"பழைய ஃபைலெல்லாம் படிச்சிட்டு வந்திருக்கீங்க போல."

ரகுபதி மனுவைப் புரட்டினார்.

"அந்தப் பொண்ணோட அப்பா, சாமியே இல்லைங்கிறவராம். என் மகள் எந்தச் சாமியையும் பாட மாட்டாள்னு நாலு வரி எழுதிக் கொடுத்தாராம். அவர் கொள்கை அவருக்கு. ஆனா போனது குழந்தை. அதுக்கப்புறம் அவர் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்கலையாம்."

ரகுபதி எழுந்து வராந்தாவுக்குப் போனார். வரிசையின் கடைசியில் நின்ற சின்னப் பெண்ணின் முன் குனிந்தார்.

"உன் பேர் என்னம்மா?"

"ஜன்னத்து சார்."

"உன் பக்கத்துல யாராவது நிக்கிறாங்களா?"

ஜன்னத் ஒருமுறை பக்கத்தில் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். "ஒரு அக்கா சார். டெய்லி வராது. மழ வர்ற மாரி இருந்தாக்கா வரும்."

"பேசுமா?"

"ஒரே ஒரு தபா பேசிச்சு. பாட்டு முடிஞ்சு டீச்சர் எங்கள உள்ள கூப்ட்டாங்கோ. நீயும் வாக்கான்னேன். என்னிய யாரும் கூப்புடலியே, நான் எப்டி வர்றதுன்னு கேட்டுச்சு."

பின்னால் வந்து நின்ற தேவப்பிரியம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"உனக்குப் பயமா இல்லையா, ஜன்னத்?"

"எனக்கு இன்னா பயம்? அதுதான் சார் பயந்துகினு கீது. மேலயே பாத்துகினு நிக்கும்."

ரகுபதி நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். புது உத்தரம், புது ஓடு.

அறைக்குத் திரும்பியதும் தேவப்பிரியம் கெஞ்சினார். "கேட்டீங்களா சார்? எல்லாரையும் உள்ளே நிறுத்தி நாலு வரி பாட வெச்சா தீர்ந்தது. அப்படியே எழுதிக் கொடுத்துட்டுப் போயிடுங்க."

"பாட மாட்டேன்னு சொல்ல ஒரு குழந்தைக்கு உரிமை இருக்கு, டீச்சர். அதை நான் எடுக்க மாட்டேன். ஆனா பாடாத குழந்தையை வெளியே நிறுத்தணும்னு எந்த விதியில இருக்கு?"

தேவப்பிரியம் யோசித்தார். "விதி இல்லை சார். பழக்கம்."

"பழக்கம்," என்று ரகுபதியும் ஒருமுறை சொல்லிக்கொண்டார். பேனாவைத் திறந்து மனுவின் அடியில் எழுதினார்: 'பாடுவதும் பாடாததும் அவரவர் விருப்பம். எக்காரணம் கொண்டும் எந்தக் குழந்தையையும் வெளியே நிறுத்தக் கூடாது.'

உள்ளே பாட்டு முடிந்தது. "எல்லாரும் உள்ளே வாங்க!" என்று தேவப்பிரியம் ரகுபதியோடு கூடத்து வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார். ஏழு பேரும் ஓடிவந்து பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். ஓட்டின் மேல் முதல் தூறல் விழுந்தது.

ரகுபதி மட்டும் கதவை விட்டு நகரவில்லை. ஆளில்லாத வராந்தாவைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அறிவழகி... உள்ளே வாம்மா."

ஈரக் காற்று ஒன்று அவரை உரசிக்கொண்டு கூடத்துக்குள் போனது. கடைசி பெஞ்சில் இருந்த ஜன்னத், யாரும் சொல்லாமலே, ஒரு ஆள் உட்கார இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

தேவப்பிரியம் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். "அந்தப் பேரை நான் சொல்லவே இல்லையே சார்! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரகுபதி ஜன்னத்தின் பக்கத்திலிருந்த காலி இடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நான் வெச்ச பேர்தான், டீச்சர்."