தொடக்க இருப்பு

வண்டலூரில் வயலையெல்லாம் மனை போட்டு விற்றுப் பணக்காரரான தசரதன், வீட்டுக் கணக்கை இனி கம்ப்யூட்டரில் எழுதப்போகிறாராம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கேஷவுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது. அவர் ஒற்றை விரலால் ஓர் எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து அழுத்துவதற்குள் இவனுக்கு இரண்டு கொட்டாவி வந்துவிட்டது.

பொத்தேரியில் அறை எடுத்துத் தங்கி, வீடு வீடாகப் போய்க் கணக்கு சாஃப்ட்வேர் சொல்லித்தருவது கேஷவின் தொழில். எந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, ஆளில்லாத நேரத்தில் போய் எடுத்து வருவது உபதொழில். இதுவரை மாட்டியதில்லை. காசு சேர்ந்த அளவுக்குப் புத்தி சேராதவர்கள் மேல் அவனுக்கு இரக்கமே கிடையாது.

“முதல்ல தொடக்க இருப்பு போடணும் சார். கையில எவ்வளவு, பேங்க்ல எவ்வளவு, நகை எத்தனை சவரன்... எல்லாம். எங்க இருக்குன்னும் பக்கத்துல போட்டுட்டா மறக்காது.”

எந்த சாஃப்ட்வேரும் கேட்காத கேள்வி அது. எதற்கு என்று தசரதன் கேட்கவில்லை.

“வூட்டுக்காரி நகை அறுபது சவரன் கீதுப்பா. உள் ரூம் பீரோவுல, நீலப் பெட்டி.”

அதோடு விட்டாரா? மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு திருப்போரூர் போகிறோம், வீடு பூட்டியிருக்கும், வகுப்புக்கு வர வேண்டாம் என்றார். இப்படியும் ஒரு மக்கு இருக்குமா என்று வியந்தபடி கேஷவ் எல்லாவற்றையும் மனதில் குறித்துக்கொண்டான்.

ஞாயிறு காலை பின்கதவை நெம்பி உள்ளே போனான். பீரோவை உடைத்து நீலப் பெட்டியைத் திறந்தான். குன்றிமணி அளவு தங்கம்கூட இல்லை. எதை எங்கே வைத்தோம் என்றுகூடத் தெரியாத ஜென்மம் என்று திட்டிக்கொண்டே வெறுங்கையோடு திரும்பினான்.

மாலையில் போலீஸ் அவன் அறைக் கதவைத் தட்டியது. பின்வீட்டு கேமராவில் அவன் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது.

“பீரோவை உடைச்சது நீதானே?” என்று ஸ்டேஷனில் வைத்துக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

“நான்தான் சார்.”

“பெட்டியைத் திறந்தது?”

“நான்தான் சார்.”

“நகை?”

“அதை மட்டும் நான் எடுக்கல சார். பெட்டி காலியா இருந்துச்சு.”

ஸ்டேஷனே சிரித்தது. தசரதனின் மனைவி கங்கையம்மாள் சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன்கள் கேஷவை அடிக்கப் பாய்ந்தார்கள். தசரதன் அவர்களைத் தடுத்து, தான் நயமாகக் கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, அவன் காதருகே குனிந்தார்.

“நகை போன வருசமே ஆன்லைன் ரம்மியில பூட்ச்சுப்பா. கல்யாணத்துக்கு எடுன்னு இவ கேக்கறதுக்குள்ள ஒரு திருடனைப் புடிக்கணும்னு நாயா அலைஞ்சேன்.”

தசரதன் ஒருமுறை மனைவி பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

“கணக்கு கத்துத்தர உனக்கு மின்னாடி மூணு பேரை இட்டாந்தேன். மூணு பேருமே யோக்கியனா பூட்டானுங்க.”